மன்னிப்புச் சபையின் உள்வீடு

அம்னெஸ்டி இன்டர்நேஷனலை நம் பத்திரிகைகள் 'சர்வதேச மன்னிப்புச் சபை' என்று எழுதும். கொஞ்சம் வேடிக்கையான பெயர்தான். அரசியல் கைதிகளுக்குப் பொது மன்னிப்புக் கொடு என்று அரசுகளைக் கேட்கிற அமைப்பு அது. தமிழில் படித்தால் என்னவோ அந்தச் சபையே உட்கார்ந்து எல்லோரையும் மன்னித்துக்கொண்டிருப்பது போலத் தோன்றும். ஆனாலும் அந்தப் பெயருக்குத் தமிழில் ஒரு கனம் வந்துவிட்டது. பிள்ளை காணாமல் போன ஈழத்து வீடுகளில் மன்னிப்புச் சபையின் அறிக்கை என்பது வெறும் காகிதமாக இருந்ததில்லை. எங்கோ லண்டனில் ஒருவர் நம் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு, பெயரும் தேதியும் சரிபார்த்து எழுதி வைத்திருக்கிறார் என்பதே பெரிய ஆறுதல்.

2019-ன் தொடக்கத்தில் அந்தச் சபை இன்னோர் அறிக்கையை வெளியிட்டது. இந்த முறை குற்றம் சாட்டப்பட்டது எந்த அரசும் இல்லை. சபையேதான். கூட்டங்களில் எல்லோர் முன்னாலும் ஊழியரைக் கேவலமாகப் பேசுவது, வேண்டுமென்றே ஒதுக்கி வைப்பது, 'இந்த வேலையில் நீடித்தால் உன் வாழ்க்கை நரகமாகும்' என்கிற மாதிரி மிரட்டுவது: இதெல்லாம் அந்த அறிக்கையில் ஊழியர்கள் தங்கள் மேலாளர்களைப் பற்றிச் சொன்னவை. உலகத்தின் சித்திரவதைக் கூடங்களைப் பற்றிச் சாட்சியம் சேகரித்தவர்கள் தங்கள் அலுவலகத்தைப் பற்றியே சாட்சியம் சொல்ல வேண்டியதாயிற்று.

இது எப்படி நடந்தது என்று தேடப்போய் நான் 1961 வரை பின்னால் போக வேண்டியிருந்தது.

1961 மே 28 அன்று லண்டனின் 'அப்சர்வர்' ஞாயிறு இதழில் பீட்டர் பெனன்சன் என்ற வழக்கறிஞர் 'மறக்கப்பட்ட கைதிகள்' என்று ஒரு கட்டுரை எழுதினார். தான் நம்புவதைச் சொன்னதற்காகச் சிறையில் கிடப்பவர்களுக்காகக் கடிதம் எழுதுங்கள் என்பதுதான் அதன் சாரம். ஓராண்டு இயக்கமாக நினைத்துத் தொடங்கியது, நிற்கவே இல்லை. ஊர் ஊராகக் குழுக்கள் உருவாயின. ஒவ்வொரு குழுவும் மூன்று கைதிகளைத் தத்தெடுக்கும்: ஒருவர் மேற்கு முகாமைச் சேர்ந்த நாட்டிலிருந்து, ஒருவர் கம்யூனிஸ்ட் நாட்டிலிருந்து, ஒருவர் இரண்டிலும் சேராத நாட்டிலிருந்து. பனிப்போர்க் காலத்தில் இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு இருந்திருக்க முடியாது. கூடவே இன்னொரு விதியும் வந்தது. யாரும் தன் சொந்த நாட்டின் வழக்குகளைக் கையில் எடுக்கக் கூடாது. பாரபட்சம் வராமல் இருக்கவும், உறுப்பினர்களின் பாதுகாப்புக்கும். பின்னாளில் இதைத் தளர்த்தினார்கள். ஆனால் பல பத்தாண்டுகள் அந்த அமைப்பின் கண் அப்படித்தான் பழகியது. பார்வை எப்போதும் வெளியே, தூரத்தில்.

பக்கத்தில் பார்க்க வேண்டி வந்தபோது என்ன ஆனது என்பதற்கு 1966 ஒரு பாடம். அப்போது பிரிட்டன் ஆண்ட ஏடனில் கைதிகள் சித்திரவதை செய்யப்படுவதாகப் புகார். சபையின் சார்பில் ஒரு ஸ்வீடன் மருத்துவர் போய் விசாரித்து வந்தார். அந்த அறிக்கையை லண்டன் அலுவலகமே அமுக்கப் பார்க்கிறது என்று பெனன்சன் நம்பினார். தலைமைச் செயலகத்தை நடத்திக்கொண்டிருந்த ராபர்ட் ஸ்வானுக்குப் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையோடு பழைய தொடர்பு உண்டு. அதனால் உளவுத் துறை உள்ளே புகுந்துவிட்டது என்று சந்தேகம். இன்னொரு பக்கம் பெனன்சன் மீதே புகார் வந்தது. ரொடீசியாவில் கைதிகளின் குடும்பங்களுக்கு உதவ ரகசியமாக பிரிட்டிஷ் அரசின் பணம் வந்திருக்கிறது, கடிதங்களில் அதற்கு 'ஹாரி' என்று சங்கேதப் பெயர் என்ற விஷயம் வெளியானது. 1967 மார்ச்சில் டென்மார்க்கின் எல்சினோரில் கூடிப் பேசினார்கள். பெனன்சன் தொடங்கிய அமைப்பிலிருந்து பெனன்சனே விலகிப்போனார். எரிக் பேக்கர் கொஞ்ச காலம் தாங்கிப் பிடித்தார், 1968-ல் மார்ட்டின் என்னல்ஸ் பொதுச்செயலாளர் ஆனார். 1977-ல் அமைதிக்கான நோபல் பரிசு. அதோடு எல்சினோர் பழங்கதை ஆகிவிட்டது.

ஹாம்லெட்டின் ஊரில் போய் இந்தச் சண்டையைத் தீர்த்திருக்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சரி, அதை விடுவோம்.

நான் முக்கியமாக நினைப்பது இந்தத் தலைமைச் சண்டையை அல்ல, அதற்குப் பிறகு லண்டன் செயலகத்தில் உருவான மனிதரை. அவருக்குப் பெயர் 'ஆய்வாளர்'. ஒரு நாட்டையோ சில நாடுகளையோ இருபது முப்பது ஆண்டுகள் கவனிப்பவர். அந்த மொழி தெரியும். சிறையிலிருந்து வெளியே வந்தவர் யாரிடம் பேசுவார், யாரிடம் பேசமாட்டார் என்று தெரியும். அவர் ஒப்புக்கொள்ளாமல் ஒரு வரி வெளியே போகாது. ஸ்டீபன் ஹாப்குட் என்ற அரசியல் ஆய்வாளர் அந்தச் செயலகத்துக்குள்ளேயே ஓராண்டு இருந்து கவனித்து, 2006-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் அந்த இடத்தைக் கடவுள் இல்லாத ஒரு மதம் போலப் பார்க்கிறார். சின்னமாக முள்வேலி சுற்றிய மெழுகுவர்த்தி. அதைக் காப்பவர்கள் ஆய்வாளர்கள். பிறர் துன்பத்தோடு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறாயோ, அவ்வளவு உனக்கு மரியாதை.

இதை நாம் புரிந்துகொள்ள அதிக தூரம் போக வேண்டியதில்லை. சென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் நான் இரண்டு வருஷம் இருந்தேன். சம்பளம் தாமதமாவதைப் பற்றி ஒருவர் கூட்டத்தில் கேட்டபோது, 'அந்தக் குழந்தைங்க சாப்பாட்டுக்கே வழியில்லாம இருக்குதுங்க, நீங்க சம்பளத்தப் பத்திப் பேசுறீங்க' என்று பதில் வந்தது. கேட்டவர் வாயை மூடிக்கொண்டார். நாங்களும்தான். தனியார் கம்பெனியில் இப்படி ஒரு பதிலைச் சொன்னால் எவனாவது சிரித்துவிடுவான். தொண்டு நிறுவனத்தில் இது வேலை செய்யும், ஏனென்றால் அந்தக் குழந்தைகள் நிஜம். அவர்கள் பசியும் நிஜம். மேலாளர் தன் திறமைக் குறைவை மறைக்க அந்தப் பசியை எடுத்து முன்னால் வைக்கிறார். அதைத் தாண்டி வர நமக்கு மனசு வராது.

லண்டனுக்கு வருவோம். 2001 முதல் 2009 வரை பொதுச்செயலாளராக இருந்த ஐரீன் கான் விலகியபோது அவருக்கு 5,33,103 பவுண்டு கொடுக்கப்பட்டது 2011-ல் தெரியவந்தது. ஐந்து பவுண்டும் பத்து பவுண்டும் அனுப்புகிற உறுப்பினர்கள் கொதித்துப்போனார்கள். அடுத்து வந்த சலீல் ஷெட்டி காலத்தில் பெரிய மாற்றம் ஒன்று தொடங்கியது. மனித உரிமைச் சிக்கல் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இருக்க, அதைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாம் லண்டனில் உட்கார்ந்திருப்பானேன்? டக்கார், நைரோபி, ஜோஹன்னஸ்பர்க், பாங்காக் என்று பிராந்திய அலுவலகங்கள் திறந்து ஆட்களை அங்கே கொண்டுபோகலாம். யோசனையில் எந்தத் தப்பும் இல்லை. தெற்கிலிருந்து பார்க்கும் நாம்தான் முதலில் கை தட்ட வேண்டும். ஆனால் செய்த விதம்? வேலைகள் பறிபோகும் பயம், ஊர்விட்டு ஊர் போகச் சொல்லும் உத்தரவு, கலைக்கப்பட்ட குழுக்கள். 2012-ல் ஊழியர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. தொழிற்சங்க உரிமைக்காக உலகெங்கும் குரல் கொடுக்கும் அமைப்பின் வாசலில் அதன் ஊழியர்களே மறியல் செய்தார்கள்.

கேத்தான் மூத்தூ மேற்கு ஆப்பிரிக்கா பற்றிய ஆய்வாளர். மொரீஷியஸில் பிறந்தவர், பாரிஸில் இருந்து வேலை பார்த்தவர். ஹாப்குட் வர்ணிக்கும் அந்தப் பழைய தலைமுறை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பிராந்தியத்தின் சிறைகளையும் தேர்தல் வன்முறைகளையும் பதிவு செய்தவர். மாற்றத்தில் மேற்கு ஆப்பிரிக்க வேலை டக்காருக்குப் போயிற்று. அவர் பாரிஸில் இருந்தார். நெடுங்காலம் கூட வேலை செய்த சக ஆய்வாளரும் 2014-ல் வெளியேறிவிட்டார். 2018 மே மாதம் ஒரு நாள் பாரிஸ் அலுவலகத்திலேயே மூத்தூ தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு 65 வயது. விட்டுச் சென்ற குறிப்பில், வேலைப் பளுவையும், உதவி கேட்டும் நிர்வாகத்திடமிருந்து கிடைக்காததையும் எழுதியிருந்தார்.

ஒரு மனிதர் ஏன் அந்த முடிவுக்குப் போகிறார் என்பதை ஒற்றைக் காரணத்தில் அடக்க முடியாது. அடக்கவும் கூடாது. அதே ஆண்டு ஜூலையில் ஜெனீவா அலுவலகத்தில் பயிற்சியில் இருந்த இளம்பெண் ஒருவரும் இறந்தார். அந்த மரணத்தை அலுவலகத்தின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. ஆனால் மூத்தூ விஷயத்தில், சபையே நியமித்த வழக்கறிஞர் ஜேம்ஸ் லாடி விசாரித்து, நிர்வாகத்தின் தரப்பில் கடுமையான தவறு நடந்திருக்கிறது என்று சொன்னார்.

எனக்கு இந்த இடம்தான் தொண்டையில் நிற்கிறது. 'உதவி கேட்டேன், யாரும் கேட்கவில்லை' என்ற வாக்கியத்தை மூத்தூ தன் வேலையில் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டு எழுதியிருப்பார்!

அடுத்து மொத்தச் செயலகத்தின் நிலைமையையும் ஆராய கான்டெரா என்ற வெளி நிறுவனத்தை அமர்த்தினார்கள். அந்த அறிக்கைதான் நான் மேலே சொன்னது. 475 பேர் கருத்துக் கணிப்பில் பதில் சொன்னார்கள், அதாவது செயலக ஊழியர்களில் ஏறக்குறைய 70 சதவீதம். அவர்களில் 39 சதவீதம் பேர், இங்கே வேலை பார்த்ததன் நேரடி விளைவாக உடல்நலமோ மனநலமோ கெட்டது என்றார்கள்.

எல்லோரும் எதிர்பார்த்திருக்கக்கூடிய விளக்கம் ஒன்று உண்டு. 'பாவம், நாள் முழுக்கச் சித்திரவதைக் கதைகளைக் கேட்டால் யாருக்குத்தான் மனசு தாங்கும்?' நல்ல விளக்கம். யாரையும் குற்றவாளி ஆக்காத விளக்கம். அறிக்கை அதை ஏற்கவில்லை. வேலையின் தன்மை பாரமானதுதான், ஆனால் ஊழியர் நலன் கெட்டதற்கான வேர் நிறுவனத்தின் கலாச்சாரத்திலும் நிர்வாகத் தோல்வியிலும் இருக்கிறது என்று நேராகச் சொன்னது. சாட்சிகளின் துயரத்தைத் தாங்கிக்கொண்டவர்களைத் தங்கள் மேலாளர்கள் உடைத்திருக்கிறார்கள். தன்னைப் பலி கொடுப்பதே இந்த வேலையின் அழகு என்று ஊழியர்களே நம்பிப் பழகியிருந்ததையும் அறிக்கை குறிப்பிட்டது. நிர்வாகத்துக்கும் ஊழியருக்கும் நடுவே 'நாங்கள், அவர்கள்' என்ற பிளவு. இதுபோக இனம், பாலினம் சார்ந்த பாரபட்சப் புகார்கள்.

ஏன் இத்தனை நாள் வெளியே வரவில்லை என்று கேட்கலாம். எதிரிகள் உண்மையாகவே இருந்தார்கள், அதனால்தான். 2020 செப்டம்பரில் இந்தியாவில் அம்னெஸ்டியின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டு அது தன் வேலைகளை நிறுத்தியது நமக்குத் தெரியும். இப்படிப்பட்ட அரசுகளை எதிர்த்து நிற்கும்போது உள்ளே இருப்பவர் வாய் திறந்தால், அது யார் கைக்கு ஆயுதமாகும்? இந்தக் கேள்வியை மேலாளர் கேட்கவே வேண்டாம், ஊழியரே தன்னைக் கேட்டுக்கொள்வார். கட்சியிலும் இயக்கத்திலும் இருந்த நம் மாமாக்களிடமும் அண்ணன்களிடமும் கேட்டுப் பாருங்கள், 'இப்ப வேணாம் தம்பி, நேரம் சரியில்ல' என்ற வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருக்கிறார்கள் என்று. நேரம் சரியாவதே இல்லை.

மேலாளரைப் பொறுத்தவரை, கொடுமைக்காரர் என்பதைவிடத் தெரியாதவர் என்பதே பல இடங்களில் சரியான சொல் என்று எனக்குத் தோன்றுகிறது. கைதிகளின் உரிமை பற்றி எல்லாம் தெரிந்தவருக்கு ஒரு விடுப்பு விண்ணப்பத்தை எப்படி அணுகுவது என்று தெரியவேண்டும் என்ற கட்டாயமில்லை. அதை யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவுமில்லை. நல்லவர் என்பதால் நன்றாக நடத்துவார் என்று விட்டுவிட்டார்கள்.

அறிக்கை வந்தபோது குமி நாயுடு பொதுச்செயலாளராகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அவருக்குக் கீழிருந்த மூத்த தலைமைக் குழுவின் ஏழு பேரும் பதவி விலகத் தயார் என்றார்கள், கடைசியில் ஐவர் வெளியேறுவதாக முடிவானது. அந்த ஆண்டே பெரிய நிதிப் பற்றாக்குறை தெரியவந்து ஆட்குறைப்பும் தொடங்கியது. டிசம்பரில் நாயுடுவும் உடல்நலக் காரணம் சொல்லி விலகினார். 2022-ல் பிரிட்டன் கிளையை ஆராய்ந்த வேறொரு வெளி நிறுவனம், அங்கே நிறுவன ரீதியான இனவாதம் இருக்கிறது என்று எழுதியது. அந்தக் கிளை அதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

ஒன்றை மட்டும் அவர்களுக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும். கான்டெராவின் அறிக்கையை மறைக்கவில்லை. இணையத்தில் தேடினால் இன்றும் கிடைக்கும். மன்னிப்புச் சபையின் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு குறியீடு உண்டு. நம் பக்கத்து ஆசிய நாடுகள் 'ஏஎஸ்ஏ' என்று தொடங்கும். அதில் 20 என்றால் இந்தியா, 37 என்றால் இலங்கை. ஏஎஸ்ஏ 37 என்று தொடங்கும் காகிதங்களில்தான் நம்மவர்களின் கைதுகளும் காணாமல் போனவர்களும் இருக்கிறார்கள். கான்டெரா அறிக்கைக்கும் அதே வரிசையில் ஒரு குறியீடு போட்டிருக்கிறார்கள். நாட்டின் பெயர் வரவேண்டிய இடத்தில் 'ஓஆர்ஜி' என்று இருக்கிறது. அதாவது, அமைப்பு.