கோத்தர் மொழியும் அச்சேறிய மூலமும்

மொழிநூலார் ஒரு மொழிக்கு இலக்கணம் வகுத்து வெளியிடுதல் பெருவழக்கு. அதற்கு ஆதாரமாகிய பேச்சு மூலத்தையும் உடன் வெளியிடுதல் அருவழக்கு. நீலமலைக் கோத்தர் மொழி இவ்வகையிற் பேறுபெற்றது. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி ஆராய்ந்த எமனோ, சுல்லி என்னும் கோத்தர் சொல்லத் தாம் ஒலிக்குறியால் எழுதிக்கொண்ட கதைகளை, இலக்கணச் சுருக்கத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் 1944-46-இல் அச்சிட்டார். எழுத்து வழக்கில்லா மொழிக்கு இது பெருஞ்சான்று. ஓர் உருபுக்கு அவர் கூறும் பொருளை யாம் ஏலாவிடின், ஒப்புநோக்கி ஆராய்தற்குரிய தொடர்களை அந்நூலிலேயே தேடலாம். ஒலிநாடாக்களைப் பேழையிற் பூட்டிவைத்து முடிபு மட்டும் கூறும் வட்டாரவழக்கு ஆய்வேடுகளில் இவ்வாய்ப்பு இல்லை. பரோவுடன் அவர் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியையே பலரும் போற்றுவர். தம்மை மறுப்பார்க்கும் கருவி நல்கிய கோத்தர் கதைத் தொகுதியே அதனினும் அரிய கொடை என்பது எம் துணிபு.