இப்னு பதூதா இறங்கிய ஊர்

லீவு வந்தால் நுவரெலியா, எல்ல என்று ஓடுகிறோம். வாகன நெரிசலிலேயே பாதி நாள் போய்விடுகிறது. வழியில் நிற்காமல் கடந்துபோகும் புத்தளத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

1344இல் இப்னு பதூதா கப்பலில் வந்திறங்கிய ‘பத்தாலா’ இந்த ஊர்தான் என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. அங்கிருந்த ஆரியச்சக்கரவர்த்திக்குப் பாரசீகம் விளங்கும். வந்தவருக்கு முத்துகள் கொடுத்தார். பாவா ஆதம் மலைக்குப் போகப் பல்லக்கும், துணைக்கு நான்கு யோகிகளையும் மூன்று பிராமணர்களையும் அனுப்பினார். ஒரு முஸ்லிமின் ஸியாரத்துக்கு இந்து மன்னர் செய்த உதவி இது.

1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் வந்து தங்கியதும் இதே மண்ணில்தான்.

அடுத்த லீவில் பிள்ளைகளைப் புத்தளம் களப்புக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த இரண்டு கதைகளையும் சேர்த்தே சொல்லுங்கள்.