நீலச் சாடியும் சிவப்பு அரக்கும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. லண்டனில் வழக்கம் போல மழை, வெளியே போக முடியாத மகள் வீட்டுக்குள்ளேயே பந்து விளையாடிக் கொண்டிருந்தாள். சமையலறையில் இருந்த எனக்கு 'ணங்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தால், ஷோகேஸ் மேல் இருந்த நீலக் கண்ணாடிப் பூச்சாடி ஏழெட்டுத் துண்டாகக் கிடந்தது.

அந்தச் சாடிக்கு ஒரு பூர்வகதை உண்டு. என் தாத்தா போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். நாலாயிரம் அடிக்கு மேல் இருக்கும் ஊர். எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கிளம்பிய துரை, சாமான்களைப் பங்கு வைத்தபோது தாத்தாவுக்கு வந்தது இந்தச் சாடி. கொண்டை ஊசி வளைவுகளில் அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்தபடியே போடிக்கு இறங்கினாராம். அவ்வளவு பத்திரமாக வந்தது, வீட்டுத் திண்ணையில் விழுந்து இரண்டாகப் போனது! தாத்தா அதைக் கடைத்தெருவில் ஓர் ஆசாரியிடம் கொடுத்தார். அவர் நகைக்குக் கல் பதிக்கும் அரக்கை உருக்கி ஒட்டிக் கொடுத்தார். நீலத்தின் நடுவே சிவப்பாக ஒரு கோடு. சின்ன வயதில் அது டிசைன் என்றே நினைத்திருந்தேன்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "உடைஞ்சது போகட்டும் சாமி, தாத்தா ஒட்டுன அரக்க மட்டும் பேத்து எடுத்துராத" என்றார். அந்த அரக்கு மட்டும் விட்டுப்போகவே இல்லை என்பதுதான் வேடிக்கை. சாடி உடைந்ததெல்லாம் வேறு இடங்களில்.

எப்படி ஒட்டுவது என்று தேடப் போனவன் சரித்திரத்துக்குள் விழுந்துவிட்டேன். பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

கண்ணாடியை ஒட்டுவது இன்று நேற்று வந்த பிரச்சினை இல்லை. ஏறத்தாழ 2000 வருடங்களுக்கு முன் ரோமாபுரியில், உடைந்த கண்ணாடியைக் கந்தகத்துக்கு மாற்றும் தெரு வியாபாரிகளைப் பற்றி மார்ஷியல் என்ற கவிஞர் எழுதியிருக்கிறார். உடைந்த கிண்ணத்துக்குக் கந்தகம் தேவை என்று ஜுவனல் கேலி செய்கிறார். கந்தகத்தை உருக்கி ஒட்டியிருக்கிறார்கள் என்று இதிலிருந்து அறிஞர்கள் ஊகிக்கிறார்கள். பிளினி வேறொரு பக்குவம் சொல்கிறார்: முட்டை வெள்ளைக்கருவைச் சுண்ணாம்போடு குழைத்தால் கண்ணாடித் துண்டுகள் ஒட்டுமாம். படித்ததும் எனக்குச் செட்டிநாட்டு வீட்டுச் சுவர்தான் ஞாபகம் வந்தது. அங்கே சுவருக்குப் பூசினார்கள், இவர்கள் சாடிக்குப் பூசினார்கள்!

இந்த ரோமாபுரிக்கும் நம் மலைக்கும் சம்பந்தம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை மிளகுக்காகத்தான் அவர்கள் கப்பல்கள் முசிறிக்கு வந்தன. இங்கே இறக்கிய சரக்குகளில் கச்சாக் கண்ணாடியும் ஒன்று என்று 'பெரிப்ளூஸ்' என்னும் முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கையேடு பட்டியல் போடுகிறது. முசிறி என்று பலர் கருதும் கேரளத்துப் பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வுகளில் ரோமானியக் கண்ணாடிக் கிண்ணங்களின் உடைசல்கள் கிடைத்தன. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டிலும் அப்படியே.

அந்தக் காலத்து ரோமானியக் கண்ணாடியில் மிகப் பிரபலமானது, நான் ட்யூபில் அரை மணி நேரத்தில் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள போர்ட்லாண்ட் சாடி. அதுவும் கருநீலம்தான், மேலே வெள்ளைக் கண்ணாடியில் செதுக்கிய உருவங்கள். 1845 பிப்ரவரி 7 அன்று ஓர் ஆள் பக்கத்தில் இருந்த கல் சிற்பத்தை எடுத்து அதன் மேல் வீசினான். ஒரு வாரமாகக் குடித்துக் கொண்டிருந்ததாக அவனே சொன்னான். அன்றைய சட்டத்தில் விலைமதிப்புள்ள பொருளை உடைத்ததற்குத் தண்டிக்க வழி இல்லாததால், அதை மூடியிருந்த பெட்டியை உடைத்ததற்கு 3 பவுண்டு அபராதம் போட்டார்கள்!

ஜான் டபிள்டே என்பவர் அதே வருடம் ஒட்டி முடித்தார். ஆனால் 37 சில்லுகளுக்கு இடம் கண்டுபிடிக்க முடியவில்லை. நூறு வருடம் கழித்து, 1948ல், அவை என்னவென்றே தெரியாத ஒருவர் பெட்டியோடு மியூசியத்துக்குக் கொண்டு வந்தார். சாடியைப் பிரித்து மறுபடி ஒட்டினார்கள். அப்போதும் மூன்று சில்லுகளைத்தான் சேர்க்க முடிந்தது. அந்தப் பசையும் நாளடைவில் மஞ்சளாகி வலுவிழந்தது. 1988-89ல் நைஜல் வில்லியம்ஸும் சாண்ட்ரா ஸ்மித்தும் பழைய பசையை ஊற வைத்துக் கரைத்து, ஏறத்தாழ 190 துண்டுகளாகப் பிரித்து, எபாக்சி கொண்டு மூன்றாவது முறை ஒட்டினார்கள். துண்டு இல்லாத இடங்களை நீலமும் வெள்ளையுமாக நிறமேற்றிய பிசினால் நிரப்பினார்கள்.

ஏன் நிறம்? சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.52 அளவில் இருக்கும். அதே அளவுள்ள எபாக்சி உள்ளே போனால் விரிசலில் ஒளி திரும்பாது, கோடு கண்ணுக்கு மறையும். ஆனால் சில்லு உதிர்ந்த இடத்தில் நிறமில்லாத பசை வைத்தால், நீலத்தின் நடுவே வெளிச்சமாக ஓட்டை மாதிரி தெரியும். அதனால் பிசினில் ஊசிமுனை அளவு நீலச் சாயம் கலக்க வேண்டும். தண்ணீரில் கரைத்த சாயம் கூடாது, பசை சரியாக இறுகாது. ஹார்டுவேர் கடையில் வாங்கும் இரட்டை ட்யூப் எபாக்சி வெயில் பட்டால் மஞ்சளாகும் என்பதையும் சொல்லி விடுகிறேன்.

ஆனால் நான் இந்தக் கதையில் கற்றது நிறம் அல்ல. டபிள்டே ஒட்டியதைப் பிறகு வந்தவர்களால் பிரிக்க முடிந்தது. சில்லுகளை யாரும் குப்பையில் போடவில்லை. அதனால்தான் அந்தச் சாடிக்கு இரண்டாவது வாய்ப்பும் மூன்றாவது வாய்ப்பும் கிடைத்தன. எபாக்சி இறுகினால் லேசில் பிரியாது. அதனால் கன்சர்வேட்டர்கள் சில சமயம் உடைந்த விளிம்பில் முதலில் பேரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக்கைப் பூசுகிறார்கள். அது அசிட்டோனில் கரையும். நாளைக்கு யாராவது பிரிக்க நினைத்தால் வழி இருக்கும்.

நானும் அப்படியே செய்தேன். இரண்டு வாரம், சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலை எனக்கு. முதலில் கலந்தது மை மாதிரி கறுத்து விட்டது, இரண்டாவது வெளுத்து விட்டது, மூன்றாவதுதான் ஒத்து வந்தது. இடம் தெரியாத நான்கு சில்லுகளை ஒரு தீப்பெட்டியில் போட்டுத் தேதி எழுதி வைத்தேன். அசிட்டோனையும் ஸ்பிரிட்டையும் அரக்கின் பக்கம் கொண்டு போகவே இல்லை. அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்து விடும்.

இப்போது ஜன்னல் ஓரம் வைத்துப் பார்த்தால் என் ஒட்டுகள் சட்டென்று தெரிவதில்லை. தாத்தாவின் கோடு மட்டும் சிவப்பாகத் தெரிகிறது. மகள் அதைத் தொட்டுப் பார்த்துக் கேட்டாள்: "இதுக்கு மட்டும் ஏன்ப்பா நீலம் கலக்கல?"

பதில் சொல்லப் போடிமெட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அன்று இரவு அவள் தூங்கப் பத்தரை ஆகிவிட்டது.