கிரீன்வெல்ஸ் குளோரி

ட்ரௌட் மீன் பிடிக்கத் தூண்டில் முள்ளில் நூலும் இறகும் கட்டிச் செய்யும் செயற்கை ஈக்களில் மிகப் புகழ்பெற்ற வகைகளில் ஒன்று. 1854 மே மாதத்தில், ஸ்காட்லாந்தின் ட்வீட் ஆற்றங்கரைக் கிராமமான ஸ்ப்ரூஸ்டனில் இது பிறந்தது. காலத்தையும் இடத்தையும் பற்றிப் பெரிய சச்சரவு இல்லை. யாருடைய படைப்பு என்பதில்தான் வழக்கு.

டர்ஹாம் பேராலயப் பாதிரியார் வில்லியம் கிரீன்வெல் (1820–1918) அந்த ஆற்றில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். மீன்கள் மேலே வந்து ஒரு குறிப்பிட்ட பூச்சியையே தின்றன. அவர் வீசிய ஈயைச் சீண்டவில்லை. அந்தப் பூச்சிகளில் சிலவற்றைப் பிடித்து, ஈ கட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஜேம்ஸ் ரைட்டிடம் கொண்டுபோனார். ரைட் அதே சாயலில் ஈ கட்டிக் கொடுக்க, மறுநாள் மீன் ஏராளமாகக் கிடைத்தது. அன்றிரவு கூடிய நண்பர்களிடையே ஊர்ப் பள்ளி ஆசிரியர் இந்தப் பெயரைச் சூட்டினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

பழைய செய்முறைக்கு மூன்றே பொருள்கள். உடலுக்கு மஞ்சள் பட்டு நூல். இறக்கைக்கு பிளாக்பேர்ட் பறவையின் சிறகு இறகு. கால்களுக்கு, நடுவில் கருமையும் சுற்றிலும் செம்பழுப்பும் உள்ள கோழிக் கழுத்து இறகு. சூட்சுமம் நூலில் இருக்கிறது. செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் கறுப்பு மெழுகைப் பளிச்சென்ற மஞ்சள் பட்டில் இழுத்துத் தேய்த்தால் அது மங்கி ஆலிவ் பச்சையாகும். ஆற்றில் மிதந்துவரும் ஆலிவ் நிற மேஃப்ளை பூச்சியின் உடல் நிறமும் கிட்டத்தட்ட அதுதான்.

பூச்சியைக் கண்டுகொண்டவர் கிரீன்வெல் என்பதால் பெருமை அவருக்கே என்கிறது ஒரு தரப்பு. எந்த இறகு, எந்த நூல் என்று முடிவெடுத்துக் கட்டிய கை ரைட்டுடையது என்கிறது மறுதரப்பு. மங்கிய நிற இறகும் மெழுகிட்ட மஞ்சள் பட்டும் வட இங்கிலாந்து, தென் ஸ்காட்லாந்து ஈ கட்டுநர்களிடம் ஏற்கெனவே புழங்கிய சரக்குதானே, இதில் புதுமை எங்கே என்று கேட்போரும் உண்டு.

கிரீன்வெல் சாதாரண ஆள் அல்லர். நார்ஃபோக்கின் கிரைம்ஸ் கிரேவ்ஸ் பள்ளங்கள் கற்காலச் சிக்கிமுக்கிக் கல் சுரங்கங்கள் என்பதை 1870 வாக்கில் தோண்டிக் காட்டியவர். 1877இல் பழங்காலப் புதைமேடுகளைப் பற்றிய ‘பிரிட்டிஷ் பாரோஸ்’ நூலை வெளியிட்டவர். 97 வயது வரை வாழ்ந்த அறிஞரின் பெயர் நிலைத்ததில் வியப்பில்லை. ஆனாலும் பூச்சியைப் பார்த்து அதன் நிறத்தை நூலிலும் இறகிலும் கொண்டுவருவது கைத்தொழிலின் உச்சம். ‘தண்டர் அண்ட் லைட்னிங்’ என்ற சால்மன் ஈயையும் ரைட்டின் கைவண்ணமாகவே சொல்கிறார்கள். அப்பேர்ப்பட்டவரை வெறும் கூலிக்குக் கட்டிக்கொடுத்தவராகக் குறுக்குவது அநியாயம்.

நீருக்குள் அமிழும் ஈயாகத் தொடங்கிய இது பின்னாளில் மிதக்கும் ஈயாகவும், இளம்பூச்சி வடிவிலும் கட்டப்பட்டது. நியூசிலாந்து ஆறுகளிலும் பரவியது. பிளாக்பேர்ட் இறகுக்குப் பதிலாக ஸ்டார்லிங் இறகைப் பலர் வைக்கிறார்கள். இன்று கடைகளில் விற்பனைக்கு வரும் ஈயின் உடலில் மெல்லிய பொன்னிறக் கம்பியும் சுற்றியிருக்கும்.