தேயத் தேய அகலும் துளை

பழைய புல்லட் 350-இன் பேரல் பார்வைக்குப் பெரிய அதிசயம் இல்லை. வெளியே காற்று பட்டுச் சூடு ஆறுவதற்கான தகடுகள், உள்ளே 70 மி.மீ. விட்டத்தில் ஒரு துளை, அவ்வளவுதான். அந்தத் துளைக்குள் பிஸ்டன் ஒவ்வொரு தடவையும் 90 மி.மீ. ஏறி, 90 மி.மீ. இறங்குகிறது. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் 346 சி.சி. இந்த இரண்டு அளவுகளிலிருந்து வந்த கணக்கு. எஞ்சினில் எதை மாற்றினாலும் புதிதாக வாங்கிப் பூட்டிவிடலாம். பேரலை மட்டும் பெரும்பாலும் யாரும் மாற்றுவதில்லை. கடைந்து, இழைத்து, அதையேதான் திரும்பப் பூட்டுகிறார்கள்.

அது பிறந்தது மணல் அச்சில். துளை வரவேண்டிய இடத்தில் ஒரு மணல் கருவை நிறுத்தி, உருகிய சாம்பல்நிற வார்ப்பிரும்பைச் சுற்றிலும் ஊற்றுவார்கள். ஆறும்போது இரும்புக்குள் கிராஃபைட் சின்னச் சின்னச் செதில்களாக ஒதுங்கும். கிராஃபைட் தானும் வழுக்கும், எண்ணெயையும் பிடித்து வைக்கும். சிலிண்டர் சுவருக்கு வார்ப்பிரும்பைத் தேர்ந்ததன் ரகசியம் அதுதான். 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் முதலில் ரெட்டிச்சிலிருந்து வந்த உதிரிகளைப் பூட்டினார்கள். பிறகு உதிரிகளையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். 2010-ஐ ஒட்டிப் புதுவகை எஞ்சின் வரும்வரை வார்ப்பிரும்பு பேரல் பெரிய மாற்றமில்லாமல் தொடர்ந்தது.

வண்டி ரோட்டுக்கு வந்த நாளிலிருந்தே துளை தேயத் தொடங்குகிறது, ஆனால் ஒரே சீராகத் தேய்வதில்லை. 3,000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 9 மீட்டர். அந்த வேகத்தில் பிஸ்டன் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் நிற்கும். ஆனால் உச்சியில் பிஸ்டன் நொடிக்கு 50 முறை நின்று திரும்புகிறது. நிற்கும் கணத்தில் படலம் அறுந்துபோகிறது. எரிந்த வாயு ரிங்கின் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு அழுத்துவதும் அதே இடத்தில்தான். ஆகவே மேல் ரிங் திரும்பும் இடத்தில் தேய்மானம் அதிகம், கீழே போகப்போகக் குறைவு. ரிங் எட்டாத உச்சியில் பழைய அளவு ஒரு விளிம்பாக எஞ்சி நிற்கும். நகத்தை ஓட்டினால் தட்டும். போதாததற்கு, கனெக்டிங் ராடு சாய்ந்து தள்ளுவதால் பிஸ்டன் வண்டியின் முன்பின் திசையில் சுவரை உரசுகிறது. வட்டமாக இருந்த துளை நாளடைவில் நீள்வட்டமாகி, மேலே அகன்றும் கீழே குறுகியும் போகிறது.

“புகை தள்ளுது, ஆயில் குடிக்குது, கிக்கர் லேசா இறங்குது” என்று வண்டி பட்டறைக்கு வரும். உடனே போரிங் என்று முடிவு கட்டுவது அவசரம். வால்வு கைடு தேய்ந்திருந்தாலும் நீலப்புகை வரும். போர் கேஜை உள்ளே விட்டு மேல், நடு, கீழ் என மூன்று உயரத்திலும், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையிலும் அளக்க வேண்டும். ஆறு அளவுகளும் வரம்புக்குள் இருந்தால் லேசாக ஹோனிங் போட்டுப் புது ரிங் மாற்றினால் போதும். வரம்பு தாண்டியிருந்தால்தான் கடைசல்.

கடைவதற்கு முன் பிஸ்டன் கையில் இருக்க வேண்டும். இதுதான் பலர் தலைகீழாகச் செய்வது. ஓவர்சைஸ் பிஸ்டன்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் 20, 40, 60 பங்கு என்று படிப்படியாக வருகின்றன. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கினாலும் உள்ளூர்க் கடையில் வாங்கினாலும் டப்பாவில் அச்சிட்ட அளவை வைத்துக் கடையக் கூடாது. பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும், அதுவும் பிஸ்டன் பின் போகும் திசைக்குக் குறுக்கே, ஸ்கர்ட்டின் கீழ்ப்பகுதியில். பிஸ்டன் முழுவட்டமாகச் செய்யப்படுவதில்லை என்பதால் வேறு இடத்தில் அளந்தால் வேறு எண் வரும். அந்த எண்ணோடு, பிஸ்டன் செய்தவர் சொல்லும் இடைவெளியைக் கூட்டினால் கிடைப்பதே துளையின் அளவு.

இடைவெளி ஏன் என்று கேட்கலாம். 100 டிகிரி சூடு ஏறினால் 70 மி.மீ. அலுமினியம் சுமார் 0.15 மி.மீ. விரியும், அதே அளவு வார்ப்பிரும்பு அதில் பாதிதான் விரியும். அலுமினிய பிஸ்டனோ பேரலைவிட அதிகமாகச் சூடாவது. நெருக்கமாகக் கடைந்தால் நெடுஞ்சாலையில் எஞ்சின் சீஸ் ஆகும். தாராளமாகக் கடைந்தால் காலையில் ஸ்டார்ட் செய்ததுமே பிஸ்டன் தட்டும்.

கடைசலில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. ஜேம்ஸ் வாட் 1769-இல் நீராவி எஞ்சினுக்குக் காப்புரிமை வாங்கியும், நீராவி கசியாத சிலிண்டர் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் திண்டாடினார். 1775-இல் ஜான் வில்கின்சன் கடைசல் தண்டை இரு முனையிலும் தாங்கி நிறுத்திய இயந்திரம் செய்த பிறகே அவர் பாடு தீர்ந்தது. பழைய துளை போகும் வழியில் கருவி போகக் கூடாது, கருவி போகும் வழியில் துளை வரவேண்டும் என்பதே அதன் சாரம். லேத் பட்டறைக்கும் அதே விதிதான். பேரலைக் கிராங்க்கேஸில் உட்காரும் அடிமுகத்தை வைத்து நிறுத்தி, தேயாத பகுதியைப் பார்த்து மையம் பிடிக்க வேண்டும். தேய்ந்த இடத்தில் மையம் பிடித்தால் துளை பளபளப்பாக வரும், சாய்ந்தும் வரும்.

கடைசல் உளி இறுதி அளவு வரை போகாது. சுமார் 0.05 முதல் 0.08 மி.மீ. வரை ஹோனிங் கல்லுக்கு விட்டுவைக்கும். கல் சுழன்றபடி மேலும் கீழும் போகும்போது சுவரில் குறுக்கு நெடுக்காகக் கீறல்கள் விழுகின்றன. ஒன்றையொன்று 45 டிகிரியை ஒட்டி வெட்டினால் நல்ல ஹோனிங். கண்ணாடிபோல் இருப்பதே நல்லது என்று நினைப்பவர்கள் அம்மியை நினைத்துப் பார்க்கலாம். வழவழத்துப்போன அம்மியில் மசாலா அரையாது, கொத்தித்தான் ஆகவேண்டும். கீறல்களின் பள்ளத்தில் எண்ணெய் தங்கும், மேட்டில் புது ரிங் உராய்ந்து சுவரோடு ஒட்டும்.

அடுத்து வரும் வேலைக்கு மெஷின் வேண்டாம், பொறுமை வேண்டும். கீறல்களுக்குள் கல்துகள் சிக்கியிருக்கும். பெட்ரோலில் கழுவினால் எண்ணெய்ப் பிசுக்கு போகும், துகள் அங்கேயே தங்கும். வெந்நீரும் சோப்பும் போட்டு, வெள்ளைத் துணியில் துடைத்தால் கறை படியாதவரை தேய்த்துக் கழுவ வேண்டும். ஈரம் காய்ந்ததும் உடனே எண்ணெய் பூச வேண்டும். இல்லாவிட்டால் துரு ஏறும். இந்தக் கழுவலை விட்டுவிட்டால் அந்தத் துகள்களே புது ரிங்கை அரைத்துத் தீர்த்துவிடும்.

பூட்டும் முன் ரிங்கைத் துளைக்குள் விட்டு அதன் வாய் இடைவெளியையும் பார்க்க வேண்டும். ஓர் அங்குல விட்டத்துக்கு ஆயிரத்தில் நான்கு பங்கு என்பது பொதுக் கணக்கு; இந்தத் துளைக்குச் சுமார் 0.28 மி.மீ. வரும். வண்டி ஓடத் தொடங்கியதும் ரன்னிங்-இன் என்று உருட்டிக்கொண்டே போவதும் தவறு. மிதமான பாரம் இருந்தால்தான் வாயு அழுத்தம் ரிங்கைச் சுவரில் பதியவைக்கும். ஆக்ஸிலரேட்டரை மாற்றி மாற்றிக் கொடுத்து ஓட்ட வேண்டும். முறுக்கவும் கூடாது, நின்ற இடத்தில் ஐடிலில் விடவும் கூடாது.

இப்படி ஒவ்வொரு ரீபோரிலும் சுவர் மெலிகிறது. 60 அளவுக்கு வரும்போது துளை 71.5 மி.மீ. ஆகியிருக்கும். புத்தகத்தில் 346 என்றே இருக்க, எஞ்சின் ஏறத்தாழ 361 சி.சி. ஆகியிருக்கும். அதற்குமேல் கடைய இடமில்லாதபோது உள்ளே ஒரு வார்ப்பிரும்பு ஸ்லீவை இறுக்கமாக ஏற்றி, மறுபடி 70 மி.மீ.க்குக் கடைகிறார்கள். பேரலின் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது.

கடைந்து எடுத்த இரும்பை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் அளக்காமல் “போர் போட்டுடலாம்” என்று சொல்லும் இடத்தில் பேரலை விட்டுவிட்டு வராதீர்கள். பிஸ்டனையும் சேர்த்துக் கொடுங்கள். வேலை முடிந்ததும் மேல், நடு, கீழ் அளவையும் பிஸ்டன் அளவையும் ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்காத பட்டறைக்குக் கூலி கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.