மு. கருணாநிதி: சட்டமன்றத் தேர்தல் வரலாறு (1957–2016)

முத்துவேல் கருணாநிதி (3 ஜூன் 1924 – 7 ஆகஸ்ட் 2018) தமிழ்நாட்டின் முதலமைச்சராக ஐந்து முறையும் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தலைவராக ஏறத்தாழ அரை நூற்றாண்டும் இருந்தவர். திரைக்கதை, நாடகம், பத்திரிகை என்று அவருக்குப் பல முகங்கள் உண்டு. அவற்றை விட்டுவிட்டு, சட்டமன்ற உறுப்பினர் என்ற ஒரு முகத்தை மட்டும் இக்கட்டுரை பார்க்கிறது. 1957 முதல் 2016 வரை 13 முறை சட்டமன்றத் தேர்தலில் நின்றார். 13 முறையும் வென்றார். இந்தத் தொடர் வெற்றியைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற இரண்டு செய்திகள் உள்ளன. வென்ற 13 தேர்தல்களில் ஐந்தில்தான் அவரது கட்சி ஆட்சிக்கு வந்தது. அந்த 13 வெற்றிகளில் மூன்று, இரண்டாயிரம் வாக்குகளுக்கும் குறைவான வித்தியாசத்தில் கிடைத்தவை.

அவருக்கு ‘கோட்டை’ என்று சொல்லத்தக்க ஒற்றைத் தொகுதி கடைசிக் காலம் வரை அமையவில்லை. குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர் என ஏழு தொகுதிகளில் நின்றார். கேரளத்தின் கே. எம். மாணியும் 13 முறை வென்றவர்தான். ஆனால் அவர் 1965 முதல் 2016 வரை பாலா என்ற ஒரே தொகுதியில் நின்றவர். கருணாநிதியின் கதை அதற்கு நேர் எதிரானது.

குளித்தலை, 1957

1949இல் தொடங்கப்பட்ட தி.மு.க. 1952 பொதுத்தேர்தலில் போட்டியிடவில்லை. தேர்தலில் நிற்கலாமா வேண்டாமா என்பதை 1956 திருச்சி மாநில மாநாட்டில் திரண்ட தொண்டர்களிடமே வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்தார்கள். 1957இல் கட்சிக்கு அங்கீகாரம் இல்லாததால் அதன் வேட்பாளர்கள் சுயேச்சைகளாகவே களமிறங்கினர். கருணாநிதிக்குக் கிடைத்தது, அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்த குளித்தலை. பிறந்த திருக்குவளையும் வளர்ந்த திருவாரூரும் கீழைத் தஞ்சையில் இருக்க, காவிரியின் மேல்கரையில் ஏறத்தாழ வெளியூர்க்காரராக வாக்குக் கேட்க வேண்டியிருந்தது. ஆனாலும் 1953 கல்லக்குடிப் போராட்டத்தில் தண்டவாளத்தில் தலைவைத்துச் சிறை சென்ற பெயர் திருச்சி வட்டாரத்தில் அவருக்கு முன்னரே இருந்தது. காங்கிரஸ் வேட்பாளர் கே. ஏ. தர்மலிங்கம் 14,489 வாக்குகள் பெற, கருணாநிதி 22,785 பெற்றார். வித்தியாசம் 8,296.

அந்தத் தேர்தலில் வென்ற தி.மு.க.வினர் 15 பேர். சட்டமன்றத்தில் கருணாநிதியின் முதல் பேச்சு மொழியைப் பற்றியதோ திராவிட நாட்டைப் பற்றியதோ அன்று. நங்கவரம் பண்ணை உழவர்களைப் பற்றியது. குளித்தலை வட்டாரத்தில் வாரச் சாகுபடி இருவகைப்பட்டிருந்தது. சொந்த ஏரும் மாடும் கொண்டு உழுபவர் ‘மாட்டேறு வாரம்’ செய்பவர். உடலுழைப்பை மட்டும் தருபவர் ‘கையேறு வாரம்’ செய்பவர். பின்னவருக்குக் குத்தகைதாரருக்குரிய பாதுகாப்பு உண்டா இல்லையா என்பதே வழக்கு. இளம் உறுப்பினர் ஒருவர் ஜார்ஜ் கோட்டையில் இருந்த சட்டமன்றத்தில் எழுந்து, சென்னைவாசிகள் கேள்விப்பட்டே இராத இந்தச் சொற்களை வைத்து வாதாடினார். ஒரு தொகுதியின் உறுப்பினராக அவர் செய்த வேலைகளில் மிகத் துல்லியமானது இதுவே என்று சொல்லலாம். பின்னாளில் மாநிலத் தலைவராகிவிட்டவருக்கு இவ்வளவு சிறிய நிலப்பரப்பைப் பற்றி இவ்வளவு விரிவாகப் பேசும் வாய்ப்பு அமையவில்லை.

தஞ்சாவூர், 1962

அடுத்த தேர்தலில் குளித்தலையை விட்டுத் தஞ்சாவூருக்கு மாறினார். எதிரே நின்றவர் ஏ. ஒய். எஸ். பரிசுத்த நாடார். தொகுதியின் அப்போதைய காங்கிரஸ் உறுப்பினர், செல்வாக்கும் செல்வமும் உள்ளவர். 1957இல் வென்ற 15 பேரையும் இம்முறை உள்ளே விடக்கூடாது என்று காங்கிரஸ் முதலமைச்சர் காமராஜர் திட்டமிட்டு வேலை செய்தார் என்பது அந்தத் தேர்தலைப் பற்றி இரு கட்சியாரும் சொல்வது. காஞ்சிபுரத்தில் தி.மு.க.வைத் தொடங்கிய அண்ணாவே எஸ். வி. நடேச முதலியாரிடம் தோற்றார். தஞ்சாவூரில் கருணாநிதி 32,145, பரிசுத்த நாடார் 30,217. வித்தியாசம் 1,928. பழைய 15 பேரில் மீண்டும் சட்டமன்றத்துக்குள் வந்தவர் இவர் ஒருவர்தான் என்பதைக் கழகத்தார் மேடைதோறும் சொல்வார்கள்.

கட்சி இம்முறை 50 இடங்களில் வென்றது. இரா. நெடுஞ்செழியன் எதிர்க்கட்சித் தலைவர், கருணாநிதி துணைத் தலைவர். கட்சிக்குள் அவர் பெற்ற உயர்வுக்குத் தஞ்சாவூர் வெற்றி பெருமளவு காரணம். அண்ணா சட்டமன்றத்துக்கு வெளியே நின்ற ஐந்தாண்டுகளில் உள்ளே இருந்து பேசியவர்களில் அவர் ஒருவர். 1967இல் அவர் விட்டுச்சென்ற தஞ்சாவூரை, மாநிலமெங்கும் தி.மு.க. அலை வீசிய அந்தத் தேர்தலிலும் பரிசுத்த நாடார் மீட்டுக்கொண்டார். தொகுதி மாறும் கலையில் கருணாநிதியின் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சைதாப்பேட்டை, 1967, 1971

1967இல் சென்னைக்கு வந்தார். சைதாப்பேட்டையில் காங்கிரசின் எஸ். ஜி. விநாயகமூர்த்தியை 20,482 வாக்குகளில் வென்றார். கட்சி ஆட்சியைப் பிடித்தது. விருதுநகரில் காமராஜர் 1,285 வாக்குகளில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றதும் இதே தேர்தலில்தான். பொதுப்பணித் துறை அமைச்சரான கருணாநிதி, 3 பிப்ரவரி 1969இல் அண்ணா மறைந்தபின் அதே மாதம் 10ஆம் தேதி முதலமைச்சரானார்.

1971இல் நாடாளுமன்றத் தேர்தலோடு சட்டமன்றத்துக்கும் முன்கூட்டியே தேர்தல் வந்தது. தி.மு.க. 184 இடங்களைப் பிடித்தது. தமிழ்நாட்டில் தனியொரு கட்சி இதைவிட அதிக இடங்களை வென்றதில்லை. வியப்பு என்னவென்றால், அந்தப் பேரலையிலும் முதலமைச்சரின் சொந்த வித்தியாசம் குறைந்தது. பழைய காங்கிரசின் குடந்தை ராமலிங்கத்தை அவர் 12,511 வாக்குகளில்தான் வென்றார்.

அண்ணா நகர், 1977, 1980

1972இல் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து பிரிந்து அ.தி.மு.க.வைத் தொடங்கினார். 31 ஜனவரி 1976இல் நெருக்கடி நிலையின்போது ஆட்சி கலைக்கப்பட்டது. 1977இல் அ.தி.மு.க. ஆட்சிக்கு வர, தி.மு.க. 48 இடங்களோடு நின்றது. கருணாநிதி புதிய தொகுதியான அண்ணா நகரில் அ.தி.மு.க.வின் ஜி. கிருஷ்ணமூர்த்தியை 16,438 வாக்குகளில் வென்று எதிர்க்கட்சித் தலைவரானார்.

1980 தேர்தலை நின்று பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் தி.மு.க. – இந்திரா காங்கிரஸ் அணி தமிழ்நாட்டின் 39 இடங்களில் 37ஐ அள்ளியது. அடுத்த மாதம் எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் அணி வெல்லும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. இரு கட்சிகளும் ஏறத்தாழச் சரிபாதியாக இடங்களைப் பிரித்துக்கொண்டன. மக்கள் வேறு கணக்குப் போட்டார்கள். அ.தி.மு.க. 129 இடங்களோடு திரும்பியது. அண்ணா நகரில் டாக்டர் எச். வி. ஹண்டே 50,591 வாக்குகள் வாங்கினார். கருணாநிதி 51,290. வித்தியாசம் 699. வாக்களித்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் 350 பேர் மனம் மாறியிருந்தால் ‘தோல்வியே காணாதவர்’ என்ற அடைமொழி அன்றே போயிருக்கும். ஹண்டே எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் சுகாதார அமைச்சரானார். கருணாநிதி மறுபடி அண்ணா நகர்ப் பக்கம் வேட்பாளராகப் போகவில்லை.

இலங்கையில் 1983 ஜூலையில் தமிழர் மீது நடந்த வன்முறையை அடுத்து, மத்திய, மாநில அரசுகள் போதிய அளவு செயல்படவில்லை என்று கூறி ஆகஸ்டில் கருணாநிதியும் க. அன்பழகனும் உறுப்பினர் பதவிகளைத் துறந்தனர். 1984 தேர்தலில் அவர் நிற்கவில்லை. சட்ட மேலவைக்குப் போனார். அந்த மேலவையும் 1 நவம்பர் 1986இல் ஒழிக்கப்பட்டது. ஆட்சியில் இருந்தபோது அதை மீட்க அவர் எடுத்த முயற்சிகள் கைகூடவில்லை. 2010இல் நாடாளுமன்ற ஒப்புதல் வரை போனது, 2011 ஆட்சி மாற்றத்தோடு நின்றுபோனது.

துறைமுகம், 1989, 1991

எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அ.தி.மு.க. இரண்டாகப் பிளந்திருந்த 1989 தேர்தலில் தி.மு.க. 13 ஆண்டுகளுக்குப் பிறகு ஆட்சிக்கு வந்தது. துறைமுகத்தில் முஸ்லிம் லீகின் கே. ஏ. வகாப்பை விட 31,991 வாக்குகள் அதிகம் பெற்றார். அந்த ஆண்டு மார்ச் 25 அன்று நிதிநிலை அறிக்கையை அவர் வாசிக்கத் தொடங்கியபோது அவையில் கைகலப்பு மூண்டது. கருணாநிதியின் மூக்குக்கண்ணாடி உடைந்தது. எதிர்க்கட்சித் தலைவர் ஜெயலலிதா, தம் சேலை இழுக்கப்பட்டதாகக் குற்றஞ்சாட்டி வெளியேறினார். யார் முதலில் கை வைத்தது என்பதில் இரு தரப்பின் கூற்றுகளும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. தமிழ்நாட்டுச் சட்டமன்ற வரலாற்றின் மிக இழிவான நாள் அது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

30 ஜனவரி 1991இல் ஆட்சி இரண்டாம் முறை கலைக்கப்பட்டது. மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அடுத்து நடந்த தேர்தலில் தி.மு.க. இருந்த இடம் தெரியாமல் போனது. துறைமுகத்தில் கருணாநிதி, எழும்பூரில் பரிதி இளம்வழுதி என இரண்டே பேர் வென்றனர். துறைமுகத்தில் 30,932க்கு 30,042. காங்கிரசின் கே. சுப்புவை அவர் 890 வாக்குகளில் தாண்டினார். தோல்விக்குப் பொறுப்பேற்று உடனே உறுப்பினர் பதவியிலிருந்து விலகிக்கொண்டார். அனுதாப அலையில் 890 வாக்கு என்பது அவரது 13 வெற்றிகளில் ஆகக் கடினமானது. அனுபவிக்காமல் விட்டுவிட்ட வெற்றியும் அதுவே.

சேப்பாக்கம், 1996, 2001, 2006

1996இல் காற்று திசை மாறியது. பர்கூரில் முதலமைச்சர் ஜெயலலிதாவே தோற்றார். சேப்பாக்கத்தில் கருணாநிதி காங்கிரசின் நெல்லை கண்ணனை 35,784 வாக்குகளில் வென்று நான்காம் முறை முதலமைச்சரானார். 2001இல் ஆட்சி போனது. ஆர். தாமோதரனை வென்ற வித்தியாசம் 4,834 மட்டுமே. அந்த அவையில் எதிர்க்கட்சித் தலைவராக அன்பழகனை அமர்த்தினார். 2006இல் அ.தி.மு.க. ஆதரவு பெற்ற சுயேச்சை தாவூத் மியாகானை 8,526 வாக்குகளில் வென்றார். கட்சிக்கு 96 இடங்களே கிடைத்ததால் காங்கிரஸ் முதலிய கட்சிகளின் ஆதரவோடு ஐந்தாண்டுகள் நடத்தினார். ‘மைனாரிட்டி தி.மு.க. அரசு’ என்று ஜெயலலிதா அறிக்கைதோறும் குறிப்பிட்டது இதைத்தான்.

துறைமுகமும் சேப்பாக்கமும் வாக்காளர் குறைந்த பழைய சென்னைத் தொகுதிகள். 2001இல் அவரை வெற்றிபெறச் செய்த வாக்குகள் 29,836தான். மாநிலம் முழுவதும் சுற்ற வேண்டிய தலைவருக்கு, வீட்டிலிருந்து சில கிலோமீட்டரில் முடிந்துவிடுகிற சிறிய தொகுதி வசதியானது.

2010 மார்ச்சில் ஓமந்தூரார் தோட்டத்தில் அவர் கட்டிய புதிய சட்டமன்ற வளாகத்தைப் பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். அங்கே அவை கூடியது ஓராண்டுக்கும் குறைவாகவே. 2011இல் வந்த அ.தி.மு.க. அரசு ஜார்ஜ் கோட்டைக்கே திரும்பி, அந்தக் கட்டடத்தை மருத்துவமனையாக்கியது.

திருவாரூர், 2011, 2016

திருவாரூர் நெடுங்காலம் தனித்தொகுதி. பள்ளிக்கூடம் போன ஊரில் கருணாநிதி நிற்க முடியாமல் இருந்ததற்கு அதுவே காரணம். தொகுதி மறுசீரமைப்பில் அது பொதுத்தொகுதியானது, சேப்பாக்கம் திருவல்லிக்கேணியோடு இணைந்தது. 86 வயதில் சொந்த ஊருக்கு வேட்பாளராகப் போனார். 1,09,014 வாக்குகள் பெற்று, அ.தி.மு.க.வின் குடவாசல் ராஜேந்திரனை 50,249 வாக்குகளில் வென்றார். மாநிலத்தில் கட்சிக்கு 23 இடங்கள்தான். எதிர்க்கட்சி வரிசைகூட தே.மு.தி.க.வுக்குப் போனது. 2016இல் ஆர். பன்னீர்செல்வத்தை வென்ற வித்தியாசம் 68,366. அவ்வாண்டு மாநிலத்திலேயே பெரிய வித்தியாசம் அது. ஆயினும் கட்சி 89 இடங்களோடு எதிர்க்கட்சியாகவே இருந்தது. மு. க. ஸ்டாலின் எதிர்க்கட்சித் தலைவரானார்.

இந்த இரண்டு வெற்றிகளும் எண்ணிக்கையில் மிகப் பெரியவை, அவைப் பணியில் மிகச் சிறியவை. சக்கர நாற்காலியோடு அமர வசதியான இருக்கை தரப்படவில்லை என்று தி.மு.க. சொன்னது. அவர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுத் திரும்பினார். நங்கவரத்துக்காகப் பேசிய குரல் திருவாரூருக்காக அவையில் ஒலித்தது மிக அரிது. அதற்கு வயதும் நோயும் காரணம், அவையை ஆண்டவர்களின் மனப்பான்மையும் ஓரளவு காரணம். 2016 டிசம்பரில் மூச்சுக்குழாய் சிகிச்சைக்குப் பின் பேச்சே நின்றது. உறுப்பினராக அவர் அவைக்குள் நுழைந்ததன் 60ஆம் ஆண்டு விழா 3 ஜூன் 2017இல் சென்னையில் நடந்தபோது ராகுல் காந்தியும் நிதீஷ்குமாரும் வந்திருந்தார்கள். விழா நாயகர் வரும் நிலையில் இல்லை.

தோல்வியே காணாதவர் என்ற பெருமை அவருக்கு மட்டும் உரியதன்று. ஐந்து முறை நின்ற எம்.ஜி.ஆரும் தோற்றதில்லை. ஆனால் எம்.ஜி.ஆர். கட்சியைப் பிரித்தபின் நின்ற ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் அவரது கட்சியும் சேர்ந்தே வென்றது. கட்சி மண்ணைக் கவ்விய ஆண்டுகளிலும் தான் மட்டும் கரையேறியதுதான் கருணாநிதியின் தனித்தன்மை. அதற்குப் பேச்சாற்றலைப் போலவே, எந்தத் தொகுதியை எப்போது விட வேண்டும் என்று அறிந்த கணக்கும் காரணம்.

அவர் 7 ஆகஸ்ட் 2018இல் மறைந்தபோது திருவாரூரின் உறுப்பினராகவே இருந்தார். 2019 ஜனவரிக்கு அறிவிக்கப்பட்ட இடைத்தேர்தல் கஜா புயல் நிவாரணப் பணிகளால் ரத்தானது. அந்த ஆண்டு ஏப்ரல் 18 அன்று நடந்த தேர்தலில் தி.மு.க.வின் பூண்டி கே. கலைவாணன் 64,571 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்.