முத்துச் சலாபமும் வாங்குவோர் நோன்பும்

தூத்துக்குடிக் கரைக்குக் கிழக்கே சில மைல் தள்ளி, பத்துப் பாகத்துக்கு முன்பின்னான ஆழத்தில், முத்துச் சிப்பிகள் பற்றி வளர்வதற்கு வாய்ப்பான பாறைத் திட்டுகள் கடலடியில் ஆங்காங்கே பரந்து கிடக்கின்றன. கடலோடிகள் இவற்றைப் பார் என்பார்கள். தொலாயிரம் பார் இவற்றுள் மிகவும் பேர்போனது. கொற்கைத் துறையில் பாண்டியர் ஆணை செல்லுபடியான காலந்தொட்டு, போர்த்துக்கேசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராக வந்து கரையைக் கைப்பற்றிக்கொண்ட காலம் வரையில், தூர தேசத்துச் சீமாட்டிகளின் கழுத்தையும் காதையும் அலங்கரித்த முத்துக்களில் பெருந்தொகை இந்தப் பார்களிலிருந்தும், வளைகுடாவின் மறுகரையில் இலங்கையை ஒட்டிக் கிடக்கும் பார்களிலிருந்துமே சென்றது. இந்தப் பார்களில், 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் நடந்த சலாபத்துக்கு, அதாவது முத்துக்குளிப்புப் பருவத்துக்குப் பிறகு, முறையான முத்துக்குளிப்பு நடைபெறவில்லை.

சிப்பி நிலைக்காமற் போவதற்குக் கடலிலேயே காரணங்கள் உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுவது நியாயம். முத்துச் சிப்பியின் குஞ்சுகள் சில காலம் நீரோட்டத்தோடு மிதந்து அலைந்து, பாறை அகப்பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்பவை. நீரோட்டம் திசை மாறினால் மணலில் விழுந்து மாண்டுபோகும். ஒட்டிக்கொண்டவற்றைச் சூரன் என்னும் சிறு மட்டியினம் மேலே படர்ந்து மூச்சடைக்கச் செய்யும்; திருக்கையும் கிளாத்தியும் கூட்டமாக வந்து தின்று தீர்க்கும். விலைபோகும் முத்து விளைவதற்குச் சிப்பிக்கு நான்கைந்து வயதாக வேண்டும். அதன்பின் அது உயிர் தரித்திருப்பதோ சில ஆண்டுகளே. ஆகையால் இந்தத் தொழில் எக்காலத்திலும் நிச்சயமற்றதாகவே இருந்தது. ஆனால் நிச்சயமற்ற விளைவையுடைய ஒரு கடலிடம் மனிதர் எவ்வளவு கேட்டார்கள், யார் கேட்டார்கள், கேட்டதற்கு விலை கொடுத்தவர் யார் என்பது தனிச் சரித்திரம். சொல்ல வேண்டியதும் அதுவே.

கேட்டவர்களுள் ரோமாபுரியாரை முதலில் வைக்கலாம். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் அறிஞர், இந்தியாவும் சீனமும் அரேபியாவும் சேர்ந்து ஆண்டுதோறும் பத்துக் கோடி செஸ்டர்ஸ் பணத்தைத் தம் தேசத்திலிருந்து கொண்டுபோகின்றன என்று மனம் நொந்து எழுதினார். கலிகுலா சக்கரவர்த்தியின் மனைவியாயிருந்த லொல்லியா பாலினா, பெரிய வைபவம் எதற்கும் அல்ல, சாதாரணமான ஒரு நிச்சயதார்த்த விருந்துக்கு, நான்கு கோடி செஸ்டர்ஸ் பெறுமான முத்தும் மரகதமும் அணிந்து வந்ததைத் தாமே கண்டதாக அவர் சாட்சியம் சொல்லுகிறார். பிளினியின் கவலை உண்மையானது. ஆனால் அது தம் தேசத்துப் பொக்கிஷத்தைப் பற்றிய கவலை. அந்த நான்கு கோடிக்காக எத்தனை ஆயிரம் சிப்பிகள் பிளக்கப்பட்டன, எத்தனை பேர் மூச்சடக்கி மூழ்கினார்கள் என்று கேட்பதற்கு அவருக்குத் தோன்றவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் செங்கடல் மார்க்க வியாபாரத்தைப் பற்றி ஒரு கிரேக்க மாலுமி எழுதிய நூல், கொற்கையில் முத்துக்குளிக்க ஏவப்பட்டவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று குறிப்பிடுகிறது. விருந்தில் அணிந்தவரையும் கடலில் மூழ்கியவரையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால், இந்த வியாபாரத்தின் பாரம் எந்தப் பக்கம் விழுந்தது என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ விட்டுச் சென்ற வருணனை, எத்தனை முறை படித்தாலும் சிந்தனையைத் தூண்டுவது. ஏப்ரல் தொடங்கி மே நடுப்பகுதி வரையில் முத்துக்குளிப்பு நடக்கும். கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறா முதலிய கொடிய மீன்களை மந்திரத்தால் கட்டிப்போடுபவர்களுக்கு. கடல்கட்டி என்று பின்னாளில் அழைக்கப்பட்ட இவர்கள், ஆங்கிலேயர் ஆட்சியிலும் சலாபத்துக்குச் சலாபம் வந்து ஊதியம் பெற்றார்கள். கடல்கட்டி கரையில் இல்லாவிட்டால் குளியாட்கள் நீரில் இறங்க மறுத்ததால், நம்பிக்கையற்ற துரைமார்களும் அவரை வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மார்க்கோ போலோ மேலும் ஒன்று சொல்லுகிறார். அந்த மந்திரக்கட்டு பகற்பொழுதுக்கு மட்டுமே உரியது. மாலையானதும் அதை அவர்களே அவிழ்த்துவிடுவார்கள். இரவில் கடல் மீண்டும் சுறாக்களுக்கு உரியதாகிவிடும். திருட்டுத்தனமாக எவரும் மூழ்காமலிருக்கச் செய்த உபாயம் அது என்பது வெளிப்படை. எனினும், மனிதன் கடலில் இறங்குவதற்கு ஒரு நேரம் உண்டு, அந்த நேரம் கடந்தால் கடலை அதன் பிராணிகளிடமே ஒப்படைத்துவிட வேண்டும் என்னும் ஏற்பாடு, மந்திரத்தில் நம்பிக்கை இல்லாத நமக்கும் மரியாதைக்குரியதாகவே படுகிறது.

பிற்காலத்தில் பரதவர் சாதித் தலைவரின் மேற்பார்வையில் நடந்த சலாபங்களிலும் அளவு என்ற ஒன்று இருந்தது. குளியாள் தன் காலில் மாட்டிக்கொண்டு மூழ்கும் கல்லே உரிமைக்கும் கணக்காயிற்று. மதுரை நாயக்கருக்கு இத்தனை கல், சேதுபதிக்கு இத்தனை கல், இன்ன கோயிலுக்கு இத்தனை கல் என்று பங்கீடு வகுத்திருந்தார்கள். சலாபத்தை அறிவிப்பதற்கு முன்னால் அநுபவசாலிகள் பாருக்குச் சென்று, மாதிரிச் சிப்பி எடுத்துப் பிளந்து, அதன் வயதையும் முத்தின் தரத்தையும் பார்த்துச் சொல்லுவார்கள். விளையவில்லை என்று அவர்கள் சொன்னால் அந்த ஆண்டு கடலில் இறங்குவதில்லை. இந்த ஏற்பாட்டை முழுவதும் கருணையென்று சொல்லுவதற்கில்லை; பிஞ்சுச் சிப்பியில் லாபம் இல்லை என்ற விவேகமும் அதில் உண்டு. இருந்தாலும் காத்திருக்கத் தெரிந்தவர்களின் விவேகம் அது.

கடலுக்குக் கிடைத்த மிகப் பெரிய ஓய்வு, விசித்திரமாக, ஒரு சச்சரவினால் வந்தது. முத்து வருமானத்தில் பங்கு கேட்டு ஆர்க்காட்டு நவாபு டச்சுக்காரரோடு வழக்காட, 1768-க்குப் பின் இலங்கைப் பக்கத்துப் பார்கள் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தீண்டுவாரின்றிக் கிடந்தன. 1796-இல் இலங்கைக் கடற்கரை ஆங்கிலேயர் வசமாயிற்று. மூன்று பத்தாண்டுகளாகக் கடல் சேர்த்துவைத்திருந்த சம்பத்தை அவர்கள் 1796, 1797, 1798 என்று இடைவிடாமல் மூன்று ஆண்டுகளில் வாரி எடுத்தார்கள். வருமானம் ஆண்டுக்கு ஆண்டு ஏறியதைக் கண்டு கிழக்கிந்தியக் கும்பினியார் பூரித்துப்போனார்கள். நான்காவது ஆண்டில் அது திடீரென்று சரிந்தது. அதன்பின் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும், சில ஆண்டு மகசூலும் பல ஆண்டு வெறுமையுமாகவே கழிந்தது. தூத்துக்குடியில் 1830-க்கு அடுத்த சலாபம் 1860-இல்தான் நடந்தது. இலங்கையிலோ 1891-க்குப் பிறகு 1903 வரையில் ஒன்றுமே இல்லை.

வெறுமைக்குப் பின் வந்த வளத்தில் 1905-ஆம் ஆண்டுச் சலாபம் தலைசிறந்தது. மன்னாருக்குத் தெற்கே மறிச்சுக்கட்டி என்னும் மணற்காட்டில், தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும், பாரசீக வளைகுடாவிலிருந்துங்கூடக் குளியாட்கள் வந்து குவிய, சில வார காலத்துக்கு ஒரு பட்டணமே எழுந்தது. மூன்றில் ஒரு பங்கு சிப்பி மூழ்கியவர்களுக்கு, மிச்சம் சர்க்காருக்கு. சர்க்கார் பங்கை மாலைதோறும் ஆயிரம் ஆயிரமாக ஏலம் போடுவார்கள். ஏலம் எடுத்தவர் அதைக் கொட்டு என்னும் அடைப்புகளில் அழுக விட்டு, ஈ மொய்க்கும் நாற்றத்தின் நடுவே கழுவி அரித்து முத்தெடுப்பார். பிறகு இருபது துளை முதல் ஆயிரம் துளை வரையில் வரிசையாக அமைந்த பித்தளைச் சல்லடைகளில் சலித்து, ஆணி, மடங்கு, குறுவல் என்று தரம் பிரிப்பார்கள். பெரும்பாலான சிப்பிகளில் முத்தே இராது, அவையும் செத்தவைதான். அந்த ஒரே பருவத்தில் எடுத்த சிப்பி எட்டுக் கோடிக்கு மேல்; சர்க்காருக்கு வந்தது ஏறத்தாழ இருபத்தைந்து லட்சம் ரூபாய். இதைக் கண்டு ஆசைகொண்ட லண்டன் முதலாளிகள் கம்பெனி ஒன்றை அமைத்து, 1906 முதல் இருபது ஆண்டுகளுக்கு, ஆண்டு ஒன்றுக்கு 3,10,000 ரூபாய் என்ற குத்தகைக்குப் பார்களை எடுத்துக்கொண்டார்கள். அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் மட்டுமே சிப்பி கிடைத்தது, கம்பெனி கலைந்தது. பல தலைமுறைகள் எச்சரிக்கையோடு தொட்ட இடத்தை இருபது ஆண்டு லாபக் கணக்காக எழுதிவைத்த துணிவை என்னவென்று சொல்வது!

அந்நாளில் முத்தின் மீது இருந்த மோகம் இன்று நம்புவதற்கரியது. 1917-இல் நியூயார்க் நகரத்து ஐந்தாம் அவென்யூவிலிருந்த ஒரு மாளிகையை, கார்ட்டியே என்னும் நகை வியாபாரியிடம், இரட்டைச் சரம் கொண்ட ஒரு முத்துமாலைக்கும் நூறு டாலருக்கும் ஒரு கோடீசுவரர் மாற்றிக்கொண்டார். மாலையின் மதிப்பு பத்து லட்சம் டாலர். ஜப்பானில் மிக்கிமோட்டோ முதலியோரின் முயற்சியால் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்தபின் அந்த மதிப்பு சிதறியது. 1957-இல் அதே மாலை ஏலத்தில் போனபோது அதற்குக் கிடைத்தது சுமார் ஒன்றரை லட்சம் டாலர். 1973-இல் தூத்துக்குடி ஆராய்ச்சிக்கூடத்திலும் முத்து வளர்க்கும் வித்தை கைகூடியது. இயற்கை முத்தைத் தேடி உலகம் நம் கடலுக்கு வருவது நின்றதற்கு, கடல்மேல் எவருக்கும் இரக்கம் பிறந்தது காரணமன்று. மோஸ்தர் மாறியதே காரணம்.

மோஸ்தர் மாறினாலும் ஆசை ஓயவில்லை. வேறு பொருள்களின்மேல் இறங்கியது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் தொழிற்சாலைக்குமாகப் பவளப்பாறைகளை வெட்டி வெட்டி, பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டு தீவுகளை நீருக்குள் மறையும்படி செய்துவிட்டோம். கடல் அட்டை சீனத்து விருந்து மேசைக்குப் போயிற்று. சங்கும் சோழியும் சிப்பியும் திருத்தலங்களில் விடுமுறைக்கு வருவோர் வாங்கிச் செல்லும் ஞாபகப் பொருள்களாயின. சர்க்கார் விழித்துக்கொண்டது உண்மை. 1986-இல் தீவுகளைச் சுற்றி 560 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு தேசியப் பூங்காவாயிற்று. 1989-இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2001-இல் பவளமும் கடல் அட்டையும் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தன. ஆவுளியா என்று மீனவர் அழைக்கும் கடற்பசுவுக்காகப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் 2022-இல் ஏற்பட்டது. இவை அத்தனையும் அவசியமானவை, இன்னும் பலமாக அமல்படுத்தத் தக்கவை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சட்டங்களால் அன்றாடப் பிழைப்பை இழந்தவர் மூழ்கியவரே. பிடிபட்டுச் சிறை சென்றவரும் பெரும்பாலும் அவரே. வாங்கியவரிடம், லொல்லியா பாலினாவின் காலத்திலிருந்து இன்றுவரை, எவரும் எந்தத் தியாகத்தையும் கேட்டதில்லை.

அந்தத் தியாகத்தைக் கேட்கும் காலம் வந்துவிட்டது என்று நான் கருதுகிறேன். நம் முன்னோரின் பண்டிகைகளில் விருந்தோடு நோன்பும் இருந்தது. உண்ணாமலிருப்பதும் ஒன்றை விட்டுவிடுவதும் கொண்டாட்டத்தின் அங்கமாகவே விளங்கின. இன்றோ தீபாவளியானாலும் கிறிஸ்துமஸானாலும் ரம்ஜானானாலும் பண்டிகைக்கு அடையாளம் கடைவீதி என்றாகிவிட்டது. தேவை இருக்கிறதோ இல்லையோ, தள்ளுபடி இருக்கிறது என்பதற்காகவே வாங்கி நிறைக்கிறோம். அந்தப் பொருள்களைச் சுற்றி வந்த பிளாஸ்டிக் காகிதத்தில் ஒரு பங்கு, ஓடை வழியாகவும் ஆற்று வழியாகவும், ஒரு காலத்தில் சிப்பி விளைந்த கடலுக்கே போய்ச் சேருகிறது. கடற்கரைக்குச் சுற்றுலா சென்ற குடும்பம் சங்குக் கடையில் பவளத்துண்டு ஒன்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவதற்குச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. பண்டிகைச் செலவில் ஒரு பகுதியைக் கரைவலைக் குடும்பத்துப் பிள்ளைகளின் படிப்புக்கோ கடற்புல் நடும் வேலைக்கோ கொடுப்பதற்கும் அரசாணை வேண்டியதில்லை. சலாபம் வேண்டாம் என்று மாதிரிச் சிப்பியைப் பார்த்துச் சொன்ன அநுபவசாலியின் இடத்தில் இனி நிற்க வேண்டியவர், பணப்பையைத் திறக்கப்போகிற நாமே.

அத்தகைய நோன்பை, வாங்குவோர் இன்னும் தொடங்காத நிலையில், எடுப்போரே மேற்கொண்டிருக்கிறார்கள். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் முதலிய ஊர்களில் மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும் பெண்கள், பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவிகளை விட்டொழித்து, மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே கடலில் இறங்குவது என்றும், மீன்பிடித் தடைக்காலத்தில் இறங்குவதே இல்லை என்றும் தங்களுக்குள் கூடிப்பேசி முடிவு செய்தார்கள். அவர்களுடைய தலைவியாகிய லட்சுமிக்கு 2015-இல் சீக்காலஜி என்னும் அமெரிக்க ஸ்தாபனம் விருது அளித்தது. அவர்கள் பறிக்கும் பாசியிலிருந்து எடுக்கும் அகர், பட்டணத்துக் கடைகளில் இனிப்புகளிலும் பலகாரங்களிலும் கலந்து விற்பனையாகிறது. நோன்பு திறக்கும் வேளையில் பல வீடுகளில் செய்யப்படும் கடல்பாசியும் இவ்வகைப் பண்டந்தான். மிச்சப் பதினெட்டு நாட்களின் கூலியை விட்டுக்கொடுத்து அந்தப் பெண்கள் இந்த முடிவை எடுத்தபோது, எந்தக் கடைக்காரரும் எந்த வாடிக்கையாளரும் அதில் பங்கு ஏற்றதில்லை.